அம்மாவை உட்காரவைத்து எடுத்த படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் அப்பா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறாள். ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. போனில் நீ அம்மாவைத் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாயே, ஞாயிற்றுக்கிழமை நம் ஸ்டுடியோவில் ஆள் இல்லாததால் கூட்டிக்கொண்டு போனேன். அழுகிற குழந்தையையும் முறைத்துக்கொண்டு நிற்கிற கல்யாண ஜோடியையும் பேச்சுக் கொடுத்தே வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன், உன் அம்மாவிடம் மட்டும் என் ஜம்பம் பலித்ததில்லை. கேமராவைப் பார்த்ததும் கழுத்து விறைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுவாள். கேட்டால், நீங்க உத்து உத்துப் பாக்கறீங்க, எனக்குக் கூச்சமா இருக்கு என்பாள். வீட்டில் இருக்கிற அத்தனை படத்திலும் அந்த முகம்தான்.

அன்றைக்கு முக்காலியில் உட்காரவைத்து விளக்கைப் போட்டதும், சார், கையை எங்க வச்சுக்கணும் என்று கேட்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து, மடியில வச்சுக்கங்கம்மா என்று நானும் சொன்னேன். வைத்துக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன், சாய்த்தாள். அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன் பாப்பா. கேலி இல்லை. கிழமையை மறந்திருக்கிறாள், அடுப்பை மறந்திருக்கிறாள், அதுவரை என்னை மறந்ததில்லை. வருகிறவர்களிடம் சொல்கிற பேச்சுதான் வாயில் வந்தது, உங்களுக்குப் பிடிச்சவங்க யாரையாவது நினைச்சுக்கங்க என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷம் கெஞ்சியும் எனக்குக் காட்டாத முகம். எடுத்துவிட்டேன். யாரை நினைச்சீங்க என்று கேட்டதற்கு, எங்க வீட்டுக்காரரைத்தான், அவரும் போட்டோ எடுக்கறவர், ஆனா உங்க பொறுமை கிடையாது சார், வள்ளுன்னு விழுவார் என்று சிரித்தாள். இப்ப வந்துடுவார், அதுவரைக்கும் இங்கயே உட்கார்ந்திருக்கலாமா என்றாள். எதிரில் உட்கார்ந்து நானும் அவளோடு காத்திருந்தேன். பின்பக்கமாக வெளியே போய், முன்வாசல் வழியாக உள்ளே வந்து, போலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அவள் என்னைத் தாண்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், உங்க வீட்டுக்காரர்தான் கூட்டிட்டு வரச் சொன்னார் என்று பொய் சொல்லி அழைத்துவந்தேன். தெரு முழுக்க ஓர் அடி தள்ளியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது தானாகவே, ஏங்க, சர்க்கரை பத்தலையா என்றாள். நான் சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இப்போதெல்லாம் காலையில் ஏங்க, மாலையில் சார் என்று ஓடுகிறது. இனி அடிக்கடி இப்படித்தான் இருக்கும் என்கிறார் டாக்டர்.

படத்தை இதோடு தனி உறையில் வைத்திருக்கிறேன், மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது பிரி. நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் நன்றாக இருக்கவேண்டும். லீவு கேட்டு வந்துவிடு, தள்ளிப்போடாதே. உன்னை இன்னும் பேர் சொல்லி விசாரிக்கிறாள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், வந்ததும் என்னைத் தெரியுதா என்று கேட்காதே. தெரியாவிட்டால் தவித்துப்போகிறாள். யார் வீட்டுப் பெண்ணோ மாதிரி, சும்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

இப்படிக்கு,
உன் அப்பா