ஆளுக்கொரு மாத்திரை

மார்ச் 4
பிரஷர் மாத்திரை போட்டுவிட்டு எழுந்தால் தரை பஞ்சாகிவிடுகிறது. தையல் மிஷினில் உட்கார்ந்தால், ஊசி எங்கோ தூரத்தில் ஏறி இறங்குகிறது. நேற்று ஒரு பாவாடையின் ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்துத் தைத்துவிட்டேன். அறுபத்தேழு வயதில் முதல் தடவை.

மார்ச் 9
இன்று போடவில்லை. என்னோடு இருக்கும் அக்காவுக்கும் அதே மாத்திரைதான். எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நானும் குடித்தேன். மாத்திரை உள்ளங்கையிலேயே இருந்தது.

மார்ச் 20
தலை தெளிந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் நூல்தூசு மிதப்பதைப் பார்த்தபடியே ஒரு திரைச்சீலையை முழுக்கத் தைத்து முடித்தேன். எனக்கா நோய்?

மே 2
மருந்துக்கடைக்காரர் தெருவில் நிறுத்தினார். “என்னம்மா, உங்க வீட்லேருந்து யாரையுமே காணோம்?”
வேறு கடையில் வாங்குவதாகப் புளுகினேன். யாரையுமேயா? அப்படியானால் அக்கா? கேட்கலாம் — கேட்டால் நானும் மாட்டிக்கொள்வேன்.

மே 18
ஆஸ்பத்திரி. நேற்றுக் காலை கத்தரிக்கோல் நழுவியது. இடது கை, யாரோ மேஜைமேல் வைத்துவிட்டுப் போனதுபோலக் கிடந்தது. அக்காவைக் கூப்பிட்டேன், வாய் குழறியது. அரை மணியில் கை திரும்பி வந்துவிட்டது. ஆனால் பிரஷர் இருநூற்றுப் பத்து.
தலை சுற்றியதால் மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. “தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பேனேம்மா. நல்லாத்தானே இருக்கோம்னு நிறுத்தக் கூடாது. இது சத்தமில்லாம ஏறும்.”
அவர் போனதும் அக்கா குனிந்துகொண்டாள். “நானும் போடலடி.”
“எப்பலேருந்து?”
“ஜனவரி. தினம் நீ முழுங்குறதப் பாத்தா வெக்கமா இருக்கும்.”
கடவுளே! ரெண்டு கிழவியும் வெறும் தண்ணியக் குடிச்சு ஒருத்திய ஒருத்தி ஏமாத்திட்டு இருந்திருக்கோம். சிரிப்பதா, அழுவதா? நர்ஸைக் கூப்பிட்டு அவள் கையிலும் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றச் சொன்னேன். நூற்றெண்பது.

மே 30
புது மாத்திரையிலும் லேசாகக் கிறுகிறுப்பு. இந்தத் தடவை போய்ச் சொன்னேன். அளவை மாற்றிக் கொடுத்தார். இவ்வளவுதானா!
காலையில் அக்கா “ஆ காட்டு” என்கிறாள். நானும் அவள் நாக்கடியைப் பார்க்காமல் விடுவதில்லை.

ஜூன் 11
போட்டாச்சு. அவளும்.

அக்டோபர் 6
நூறு நாளுக்கு மேல் இதைத் திறக்கவில்லை. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை.
இன்று டாக்டர், “ரெண்டு பேரும் இனிமே மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்” என்றார். திரும்பும் வழியில், பஸ் நிறுத்தத்து வெயிலில் அக்கா என் இடது தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். இரண்டு பஸ்கள் வந்து போயின. எழுப்ப மனம் வரவில்லை.