வறட்சி அடுக்கில் தினை

பாப்பாவின் அப்பாவுக்கு,

கேட்ட சட்டைகளை அனுப்பிவிட்டேன். ஏரியின் அடியிலிருந்து நாம் சேர்ந்து எடுத்த, பல நூற்றாண்டுச் சேறு அடுக்கடுக்காக இருக்கும் குழாயை மட்டும் தரமாட்டேன். அது ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

"மழை பொய்ச்சதும் அந்தக் காலத்து ஏரிக்கரை ஆளுங்க ஊரையே காலி பண்ணிட்டாங்க, அதுக்கு மேல பாக்க என்ன இருக்கு?" என்று பெட்டியோடு வாசலில் நின்றபோதும் சொன்னீர்கள். புத்தகத்திலும் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

வறட்சிக்கால அடுக்கை நீங்கள் பிரித்துப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். நெல் உமியின் துகள் நின்ற இடத்தில் தினை உமியின் துகள் தொடங்குகிறது, கூடவே அடுப்புக்கரியும். போனவர்கள் போனார்கள். மற்றவர்கள் பயிரை மாற்றிக்கொண்டு அங்கேயே பொங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். இதை என் பெயரிலேயே வெளியிடப்போகிறேன்.

வீட்டைக் காலிசெய்து சாவியை அனுப்பச் சொன்னீர்களே, எந்தச் சாவி? பூட்டை மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
காலி பண்ணாதவள்