மினியின் பெயர் எழுதிய வாழ்த்து அட்டை

என் ஸ்டெல்லா,

நீ போய் ஒரு மாதமாகிவிட்டது. உன் அடக்கத்துக்கு வந்திருந்தேன், பந்தலின் கடைசியில் நின்றேன். இருபத்திரண்டு வருடமாக எட்டிப் பார்க்காதவள் முன்னால் வந்து நிற்க முடியுமா?

வெள்ளறடைப் பள்ளியில் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் நெய்யாற்றின்கரைக்கு மாற்றலான பிறகு கிறிஸ்துமஸ் தவறாமல் உனக்கு வாழ்த்து அட்டை போடுவேன். மாட்டுக்கொட்டில், வால் நட்சத்திரம், கையில் ஒட்டும் ஜிகினாத் தூள். “சைவ வீட்டுக்காரிக்காக்கும் எனக்க பண்டிகை முதல்ல ஓர்மை வருது” என்று சிரிப்பாய்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், அந்தக் கடைசி வருடமும் போட்டேன். ‘மினிமோளே, புது உடுப்பைப் போட்டுக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்க வரணும்’ என்று எழுதியிருந்தேன். மறுநாள் போன் வந்தது. மூன்று நாள் காய்ச்சலில் உன் மூத்தவள் மினி போய்விட்டாள்.

குன்னத்துகாலில் உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். பெட்டிக்குள் மஞ்சள் நிறப் புது உடுப்பில் கிடந்தாள். அப்போதுதான் அட்டை நினைவுக்கு வந்தது. அது தபாலில் உன்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. உன்னிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அதை நீ வாசித்த நேரத்தை நினைத்தே பிறகு உன் வீட்டுப் படி ஏறவில்லை. அட்டை போடுவதையும் நிறுத்திவிட்டேன். நீயும் கூப்பிடவில்லை. வெறுத்துவிட்டாய் என்றே இருந்தேன்.

அடக்கம் முடிந்ததும் உன் இளையவள் ஷைனி என்னைத் தேடி வந்தாள். கையில் உன் வேதாகமம், அதற்குள் அந்த அட்டை.

“சுசீலா பெரியம்மாதானே? அம்மா எல்லா கிறிஸ்மஸுக்கும் இத எடுத்து வாசிப்பா. ‘சனங்க மினி பேரச் சொல்றதையே விட்டாச்சு, சுசீலா அக்காக்க கார்டுல மட்டும் அவ உண்டு’ன்னு சொல்லுவா.”

“என்னை ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமே மக்கா?”

“நான் சொன்னேன். ‘அக்கா தானா வரட்டு’ன்னு இருந்துட்டா. நீங்க ஏன் வரல்ல பெரியம்மா?”

ஸ்டெல்லா, நான் வெட்கப்பட்டு ஒதுங்கிய வருடமெல்லாம் நீ காத்துக்கொண்டா இருந்தாய்?

நான் கிளம்பும்போது ஷைனி என் கையைப் பிடித்தாள். “எனக்கு அப்ப மூணு வயசு. மினி அக்காவ ஓர்மையே இல்ல. அம்மாகிட்ட கேட்டா அழுவா. நீங்க சொல்லித் தருவியளா?”

வரும் ஞாயிற்றுக்கிழமை ஷைனியிடம் போகிறேன். வாழைப்பழம் என்று சொல்ல வராமல் மினி அழுததை, உன் சேலைக்குள் ஒளிந்து என்னை எட்டிப் பார்த்ததை, எல்லாம் சொல்வேன். அவள் கேட்கும்போதெல்லாம் போவேன். இனி யாரையும் எனக்காகக் காத்திருக்க விடமாட்டேன்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
சுசீலா