பீமில் விழுந்த கோடு

எடப்பாடி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள காளிதாஸ் அண்ணனுக்கு, தங்கை தனப்பிரியா எழுதுவது.

அம்மாவுக்கு மூட்டு வலி தேவலை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று உங்களைப் போலவே எல்லாரையும் முட்டுகிறது. ஆட்கள் சுற்றி நின்றால் ஃபோனில் எனக்குப் பேச்சு வராது. அதனால் உங்கள் போர்வெல் ரிக் லாரிக்குச் சாமான் கொண்டு சத்தீஸ்கர் வரும் கந்தவேல் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் தறிப்பட்டறை முதலாளி தண்டாயுதபாணி எல்லார் முன்னாலும் என்னைக் கேவலமாகப் பேசினார் என்றுதானே, தறியில் பாவு நூல் சுற்றியிருந்த பீம் உருளையின்மேல் பிளேடால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு அன்றே லாரி ஏறினீர்கள்? அந்த ஆளுக்கு வேணும் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் உள்ளுக்குள் இனித்தது.

ஆனால் அண்ணா, அது ஆத்தாயி அக்கா ஓட்டுகிற தறி. வேறு பீம் தர மாட்டேன், இதையே ஓட்டி முடி என்றுவிட்டார் முதலாளி. நெய்கிற மீட்டருக்குத்தான் அக்காவுக்குக் கூலி. நீங்கள் கிழித்தது ஒரு கோடுதான். அது நூலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. பீம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் அதே இடத்தில் இழைகள் அறுந்து வருகின்றன. முடிச்சுப் போட்டு ஓட்டினால் அடுத்த சுற்றில் மறுபடியும். என் வேலை முடிந்ததும் நானும் போய்ப் பிணைக்கிறேன். அக்கா திட்டவில்லை. உங்கண்ணன் கோடு இழுத்துட்டுப் போயிட்டான் சாமி, நாம முடிச்சு முடிச்சாப் புள்ளி வெச்சுட்டு உக்காந்திருக்கிறோம் என்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கந்தவேல் அண்ணன் சொன்னார்: அங்கே ரிக் ஓட்டும் டிரில்லர் நம் அம்மாவை இழுத்து உங்களைத் திட்டியபோது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, லாரிக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்தீர்களாமே. பயந்தாங்கொள்ளி என்று உடனிருந்தவர்கள் கேலி செய்தார்களாம். செய்யட்டும். அதைக் கேட்ட அன்று எனக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

இனி எனக்காக யாரையும் ஒன்றும் செய்யாதீர்கள். நேற்று முதலாளி கத்தியபோது, மரியாதையாப் பேசுங்க என்று நானே சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னேன்.

பொங்கலுக்கு வருவீர்கள்தானே? அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று அங்கேயே இருந்துவிடாதீர்கள். பீமில் இன்னும் பாதி நூல் இருக்கிறது. தறிக்குப் பின்னால் என் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார இடமும் இருக்கிறது. உங்கள் முடிச்சு நழுவினால் நான் போட்டுவிடுகிறேன்.

அதுவரை வேளைக்குச் சாப்பிடுங்கள் அண்ணா. கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள தங்கை
தனப்பிரியா