விரலிடுக்கு அரிப்பு

சிட்டு,

ஒரு வாரமாக என் விரலிடுக்கெல்லாம் ஒரே அரிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சொறிப்பூச்சி அக்கா. தோலுக்குள்ள புகுந்து முட்டை வைக்கும். ஒட்டிப் படுத்தா ஏறிக்கும், ஒரு மாசம் கழிச்சுத்தான் அரிக்கும். வீட்டுக்காரரையும் கூட்டி வாங்க" என்று சிரித்தாள்.

உன் அப்பா தனியாகத்தான் படுத்தார். போன மாதம் நீ நோயில் கண்மூடும்வரை உன் கட்டிலில் ஒட்டிக் கிடந்தவள் நான்.

நீ கையைச் சொறிந்தபோதெல்லாம், "மருந்துச் சூடு, பொறுத்துக்கோடி" என்று அதட்டினேன். கழுத்திலிருந்து கால்வரை களிம்பு பூசி, துணிமணியை வெந்நீரில் அலசினால் போய்விடுமாம். அவ்வளவுதானாம் வைத்தியம்.

களிம்பு வாங்கி வந்துவிட்டேன். இன்னும் பூசவில்லை. எனக்கே இப்படி அரிக்கிறதே, உனக்கு எப்படியடி இருந்தது?

உன் அம்மா