விண்ணப்பத்தில் வெட்டின பேர்

என் செல்ல செலின்,

நீ போன பிறகு காலேஜில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? கேட்டால் நீயும் கொதிப்பாய்.

நாம் இரண்டு வருஷமாகக் காத்திருந்த அறிவிப்பு ஒருவழியாக வந்தது. டிகிரி படிக்கிறவர்களும் ஆராய்ச்சி செய்யலாமாம், பல துறைகள் சேர்ந்தும் செய்யலாமாம். பாறசாலை ஸ்டேஷனில் நின்று அதை வாசித்ததில் வந்த ரயிலையும் விட்டுவிட்டேன். உங்கள் பூவாரில் ஆற்று வாயான பொழியை மணல் மூடி, ஆறு கடலில் சேராமல் நின்ற வருஷங்களில் கரைக்காரர்கள் எங்கே போய்ப் பிழைத்தார்கள்? இதுதானே நம் கேள்வி. பொழிக்கு உன் ஜியாகிரபி, போனவர்களுக்கு என் ஹிஸ்டரி. பதினொரு பெண்களிடம் கேட்டு நீ போனில் பதிவும் செய்து வைத்திருந்தாய்.

விண்ணப்பத்தைத் திறந்தால், துறை எழுத ஒரே ஒரு கட்டம்!

"பொழி என்றால் அது ஜியாகிரபி ஆக்கும்," என்றார் என் ஹிஸ்டரி டீச்சர். உன் ஜியாகிரபி சாரோ, "மீன்காரிகளுக்க கதை எங்களுக்கு எதுக்கு? அளந்த கணக்கு உண்டா?" என்றார். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். எத்தனை தடவை நடந்தேன் தெரியுமா? கடைசியில் ஹிஸ்டரியில் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம்தான் ஆராய்ச்சிக் குழுவிலுள்ள இன்னொரு டீச்சர் உன் பேர்மேல் விரலை வைத்தார்.

"இந்தக் குட்டி மரிச்சுப் போச்சு இல்லியா? உயிரோட உள்ளவங்க பேருதான் போடணும். வேணும்னா நன்றி சொல்லுற இடத்துல ஒரு வரி எழுது."

"பாதி வேலை அவ செய்தது, டீச்சர்."

"சட்டம் அப்படி ஆக்கும், மோளே."

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உன்மேலும் கோபம் வந்தது. கண் மஞ்சளித்துக் கிடந்தும் 'சும்மா காய்ச்சல்' என்று என்னிடம் ஏன் பொய் சொன்னாய்? பரீட்சை முடியட்டும் என்று ஆஸ்பத்திரியை ஏன் தள்ளிப்போட்டாய்?

நேரே உன் அம்மாவிடம் போனேன். மீன் விற்றுவிட்டு வந்து, மீன் சுமக்கிற சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். உன் பேர் இல்லாமல் கொடுக்கவே மாட்டேன் என்றேன். மெச்சுவார் என்று நினைத்தால், ஏசினார்.

"உனக்க வாசிக்கும் பிடிவாதத்துக்கும் எனக்க பிள்ளைக்க வேலை கிடந்து அழியணுமா மக்கா? பேரை வெட்டு. அவ கேட்டு வச்சத நாலு பேரு வாசிக்கணும்."

வெட்டினேன். தேர்வாகிவிட்டது. எல்லாரும் வாழ்த்துகிறார்கள், கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அம்மா சொன்னது சரியா? நீயாக இருந்தால் வெட்டியிருப்பாயா?

இப்போது உன் பதிவுகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் ஒருத்தி விடாமல் உன்னைப் பேர் சொல்லித்தான் பேசுகிறார்கள். "செலினே, கேளு. பொழி மூடினப்போ நாங்க வீட்டைப் பூட்டிட்டுப் போனோம்." "அது உனக்க அப்பன் பிறக்கதுக்கு முந்தி, செலினே." பேட்டியில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்பதும் அந்த ஆராய்ச்சிக் குழுவின் சட்டம்தான்.

மாற்ற மாட்டேன். காலேஜில் எல்லார் முன்னாலும் அறிக்கையை வாசிக்கும்போது, அந்தப் பெண்கள் உன்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு இடத்தையும் சத்தமாக வாசிப்பேன். உன் பேர்மேல் விரலை வைத்த அந்த டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

நாலு மாசம் மூத்த உன் அக்கா,
சுஜா