மூடி மாட்டாத ஏழாம் நம்பர் மிஷின்

12 ஜூன் 2023, திங்கள்

இன்று மில்லில் மீட்டிங். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் புது மேனேஜர் சதீஸ்குமார் சூப்பர்வைசர்களுக்கு பெரிய செல்போன் மாதிரி ஆளுக்கொரு டேப் கொடுத்தார். மிஷின் எப்போது நின்றது, ஏன் நின்றது என்று இனி இதில்தான் பதிய வேண்டும். நோட்டு கிடையாது. மூன்று மாதத்தில் பழகாதவர்களை பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்களாம். அவருக்கு முப்பத்து மூன்று வயது இருந்தால் அதிகம். நான் இங்கே சேர்ந்தே பத்தொன்பது வருஷம் ஆகிறது.

டேப் மட்டும் என்றால் சமாளித்துவிடுவேன். கொரோனாவில் மில்லை மூடியபோது போன நம்மூர்ப் பெண்கள் திரும்பவே இல்லை. சிலர் திருப்பூர் போனார்கள், சிலர் அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைகளில் நிற்கிறார்கள். இப்போது என் ஷிப்ட்டில் முப்பத்தெட்டுப் பேர். அதில் இருபத்து நான்கு பேர் ஒடிசாப் பெண்கள். நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. புரிந்தாலும் அந்த இரைச்சலில் காதில் விழாது.

15 ஜூன்

ஏழாம் நம்பர் மிஷினில் நூல் அறுந்து ஐந்து நிமிஷம் நின்றது. நான் எதையோ அமுக்கிவிட்டேன். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை என்று பதிவாகிவிட்டது. மேனேஜர் அதைப் பெரிய திரையில் போட்டு எல்லாருக்கும் காட்டினார். திட்டவில்லை. சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

18 ஜூன், ஞாயிறு

டேப்பின் திரையை அப்படியே நோட்டில் வரைந்தேன். எந்தக் கட்டத்தைத் தொட்டால் எது திறக்கும் என்று அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். பதினொரு கட்டம். காலையிலிருந்து விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றார். ஆமாம் என்றேன். கேலி செய்யாமல் அடுப்பைப் பற்ற வைக்கப் போனார்.

19 ஜூன்

அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசர் மாரிக்கனி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். காரியாபட்டியில் ஒரு கடையில் சேரப் போகிறாளாம். "நம்ம காலம் முடிஞ்சு போச்சுக்கா, நீயும் மானத்தோட கெளம்பிரு" என்றாள். என் காலம் முடிந்ததை நான்தானே சொல்ல வேண்டும்?

24 ஜூன், சனி

வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதிவிட்டால் மனசு அடங்கும்.

பதினோரு மணி இருக்கும். ஏழாம் நம்பர் மிஷினில் சுமித்ரா நின்றாள். வந்து இரண்டு மாதம்தான் ஆன பெண். பக்கவாட்டில் பெல்ட் ஓடுகிற இடத்துக்கு இரும்பு மூடி உண்டு. கணக்கெடுக்கும் கருவி மாட்டுவதற்காக வியாழக்கிழமை அதைக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. சுமித்ரா குனிந்தபோது துப்பட்டா நுனி உள்ளே போய்விட்டது. நான் நாலு மிஷின் தள்ளி நின்றேன். "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்தாள். தன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். சிவப்புப் பொத்தான் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஓடிப்போய் நானே அடித்தேன். துணி கிழிந்ததால் பிழைத்தாள். கழுத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய கோடு. இன்னும் ரெண்டு நொடி ஆகியிருந்தா? அய்யோ, நெனைக்கவே முடியல.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு டேப்பை எடுத்தேன். காரணம் கேட்டது. மேனேஜர் பின்னால் வந்து நின்று, "தொழிலாளி கவனக்குறைவுன்னு இருக்கும் பாருங்க, அதைத் தொடுங்கக்கா" என்றார். தொட்டால் முடிந்துவிடும். அந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

'மற்றவை' என்ற கட்டத்தைத் தொட்டு எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி: 'மூடி மாட்டாமல் மிஷின் ஓட்டப்பட்டது. நிறுத்தச் சொன்னது மொழி தெரியாததால் புரியவில்லை.'

"அக்கா, இது ஹெட் ஆபீஸ் வரைக்கும் போகுமுங்க."

"போகட்டும் சார்."

நான் தப்பில்லாமல் செய்த முதல் பதிவு அதுதான்.

27 ஜூன்

என்னை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். தற்காலிகமாம்.

28 ஜூன்

அட்டைப்பெட்டிக்கு நாள் முழுக்க டேப் ஒட்டினேன். இவரிடம் சொன்னதற்கு, "நீ எழுதுனது பொய்யா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பெறகென்ன, சாப்பிடு" என்றார்.

2 ஜூலை, ஞாயிறு

பழம் வாங்கிக்கொண்டு ஒடிசாப் பெண்கள் தங்கும் மில் ஹாஸ்டலுக்குப் போனேன். சுமித்ராவின் கழுத்துக் கோடு பழுப்பாக மாறியிருக்கிறது. ஓரளவு தமிழ் தெரிந்த ஒரு பெண்ணை நடுவில் உட்கார வைத்துப் பேசினோம். மிஷினை நிறுத்து என்பதற்கு 'பந்த கர' என்கிறார்கள். நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டு அறையே சிரித்தது. சுமித்ராவும் சிரித்தாள், கழுத்தைப் பிடித்துக்கொண்டு.

ஆனால் வார்த்தை மட்டும் போதாது. அந்தச் சத்தத்தில் தமிழே கேட்காதே. நாங்கள் பழைய ஆட்கள் கையை ஆட்டித்தான் பேசிக்கொள்வோம். தண்ணீர் குடிக்கப் போகிறேன், ஆளை அனுப்பு, நூல் தீர்ந்தது, எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. புதிதாக வந்தவர்களுக்கு அதை ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும்தான்.

9 ஜூலை, ஞாயிறு

இன்று ஹாஸ்டலில் கைச்சாடை பழகப் பதினாறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். தலைக்கு மேல் இரண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி வைத்தால் நிறுத்து. யார் காட்டினாலும், யார் பார்த்தாலும், முதலில் பொத்தான், பிறகுதான் கேள்வி. சுமித்ராதான் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் செய்து காட்டினாள். என்னை 'நானி' என்கிறார்கள். அவர்கள் ஊரில் அக்காவாம்.

13 ஜூலை

பேக்கிங்கில் பதினேழாவது நாள். வாரக்கடைசிக்குள் பழைய இடத்தைக் கேட்டு எழுதிக் கொடுக்கப் போகிறேன். கெஞ்சி அல்ல.

20 ஜூலை, வியாழன்

ஹெட் ஆபீஸிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஐம்பது வயது அம்மா, அதிகம் பேசவில்லை. மிஷின் மிஷினாகக் குனிந்து பார்த்தார். இன்னும் மூன்றில் மூடி இல்லை. என்னைக் கூப்பிட்டு, "இதை எழுதியது நீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "வேறு ஏதாவது சொல்லணுமா?"

மாற்றியதைப் பற்றிச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அதை விட்டுவிட்டு, ஷிப்ட் தொடங்கும் முன் தினமும் பத்து நிமிஷம் எனக்கு வேண்டும், கைச்சாடை பழக்க, என்றேன்.

அப்போதுதான் எதிர்பாராதது நடந்தது. ஓரமாக நின்ற சதீஸ்குமார் முன்னால் வந்தார். "மேடம், மூடி மாட்டறதுக்குள்ள ஓட்டச் சொன்னது நானுங்க. வார உற்பத்தி குறையுதுன்னு பயந்துட்டேன். அக்கா எழுதினது சரிதான்." முகம் வெளுத்திருந்தது. அவர் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதி இருக்கிறது. இருக்கட்டும்.

24 ஜூலை, திங்கள்

பழைய இடம். எல்லா மூடியும் மாட்டியிருக்கிறது. நானே தட்டிப் பார்த்தேன்.

5 ஆகஸ்ட்

காலைப் பத்து நிமிஷத்துக்கு மேனேஜரும் வந்து நிற்கிறார். கையைக் காட்டினால் தப்பாகக் காட்டுகிறார். பெண்கள் திருத்துகிறார்கள்.

12 செப்டம்பர்

மூன்று மாதம் முடிந்தது. என் பதிவுகளில் இந்த மாதம் ஒரே ஒரு தப்பு. அதையும் நானே கண்டுபிடித்துச் சொன்னேன்.

14 அக்டோபர், சனி

துர்கா பூஜைக்காகப் பதினொரு பேர் ஊருக்குக் கிளம்பினார்கள். சுமித்ராவும் போகிறாள். மேனேஜர் கவலையாக இருக்கிறார். "போன வருஷம் போனதுல பாதி கூட வரலையாமுங்கக்கா. ஏஜென்ட்கிட்ட புது ஆளுக்குச் சொல்லி வெக்கட்டுமா?" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. கழுத்தில் அப்படியொரு காயம்பட்ட மகளை எந்தத் தாய் திரும்ப அனுப்புவாள்? நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

29 அக்டோபர்

நல்ல மழை. கரிசலில் கால் வைக்க முடியவில்லை. விதைத்த மக்காச்சோளம் முளைத்துவிட்டது என்று இவர் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒடிசாவிலிருந்து சேதி ஒன்றும் இல்லை. ஆளில்லாத மிஷின்களுக்கு நடுவில் நடப்பது என்னவோ போலிருக்கிறது.

8 நவம்பர், புதன்

மதியம் மில் வேன் வந்து நின்றது. மேனேஜரும் நானும் வாசலில் நின்றோம். போனது பதினொரு பேர். இறங்கினது பதினான்கு. அவர் இரண்டாம் தடவை எண்ணினார். சுமித்ரா தன் தங்கையையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் கூட்டி வந்திருக்கிறாள். "நானி, அம்மா அனுப்பிச்சு" என்று தமிழில் சொல்லி, தங்கையை என் பக்கமாகத் தள்ளினாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு என் செருப்பையே பார்த்தாள்.

நாளைக்குச் சீக்கிரம் போக வேண்டும். புதியவர்கள் மூவருக்கும் மிஷினில் முடி சிக்காமல் போடுகிற தொப்பி எடுத்து வைக்க வேண்டும்.